தண்ணி வந்தா எங்க போவீங்க?

எங்கள் பழைய தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவிச்சி நிரோஷா போன மாதம் என்னைத் தேடிப் பெல்மதுளைக்கு வந்தாள். வரும்போதே சலித்துப்போய்த்தான் வந்தாள். மழை எச்சரிக்கை இப்போதெல்லாம் எல்லோருடைய ஃபோனுக்கும் வந்துவிடுகிறதாம். ஒலிபெருக்கி கட்டிய வண்டியும் வருகிறதாம். ஆனாலும் கீழ் லயத்து ஆட்கள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லையாம். "சொல்லிச் சொல்லி வாயே வலிக்குதும்மா. நீங்கள்லாம் அந்தக் காலத்துல எப்பிடிக் கிளப்புனீங்க?" என்று கேட்டாள்.

நாங்கள் யாரையும் கிளப்பவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. கிழவி பெருமையடிக்கிறாள் என்று நினைத்திருப்பாள். பஸ் வரும்வரை அவளிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். வாய் வலிக்கிற மற்றவர்களுக்கும் உதவினால் நல்லது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேகாலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தேன். பங்குச் சாமியார் வற்புறுத்தி என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். பிரசவ விடுதியில் பெரிய நர்ஸிடம் வேண்டிய மட்டும் திட்டு வாங்கி, கை நடுக்கம் போய், வெள்ளைச் சேலையோடு வெளியே வந்தேன். தோட்டத்தில் வெள்ளைச் சேலை கட்டினவள் எல்லாம் நர்சம்மாதான். நான் மருத்துவிச்சி என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

எனக்குக் கிடைத்த தோட்டம் நிவித்திகலைக்கும் பெல்மதுளைக்கும் நடுவில் இருக்கிறது. மேலே தேயிலை, அதற்குக் கீழே ரப்பர், அடிவாரத்தில் ஓயா என்கிற சிற்றாறு. ஓயா வளைகிற இடத்தில் கீழ் லயம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். வெள்ளைக்காரன் அந்த லயத்தை ஏன் அங்கே கட்டினான் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் எடுக்க வசதி என்று நினைத்திருப்பான்.

லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வர ஒரே பாதைதான். அது ஒரு பழைய வயல்வெளியைக் கடந்து வரும். இரத்தினபுரிப் பக்கத்து வழக்கப்படி அந்த வயலிலும் மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டாத இடம் குறைவு. தோண்டியவர்கள் கல் கிடைத்தாலும் போய்விட்டார்கள், கிடைக்காவிட்டாலும் போய்விட்டார்கள். குழிகள் மட்டும் கிடந்தன. சிலவற்றை அரைகுறையாக மூடியிருந்தார்கள், சிலவற்றை அதுகூடச் செய்யவில்லை. வெயில் நாளில் அது ஒரு பிரச்சினையே இல்லை, பிள்ளைகள் குழிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும். ஓயா பெருகி வயல் முழுக்கத் தண்ணீர் பரவிவிட்டால்தான் ஆபத்து. முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குகிறவன் ஓரடி தவறி வைத்தால் ஆளே தெரியாமல் போய்விடுவான். ஆகவே கீழ் லயத்துக்காரர்கள் பயப்பட வேண்டியது வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு அல்ல, பாதை மறைவதற்கு. பாதை கண்ணுக்குத் தெரியும்போதே வெளியே வந்துவிட வேண்டும்.

டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் எல்லோரும் டாக்டர் ஐயா என்போம். முழு டாக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர். சிங்களவர். தமிழைத் தோட்டத்திலேயே கற்றுக்கொண்டு எங்கள் ஆட்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களம் வரும், கோபம் வருவது அபூர்வம். ஒல்லியான மனிதர். கையில் கறுப்புக் குடை, சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய சோப்புத் துண்டு. எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கை கழுவுவார். பிறகுதான் பேச்சு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்பார். நம்மில் பலர் எதிராளி சும்மா இருந்தால் பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். ஐயா சொல்ல மாட்டார். குடையை மண்ணில் ஊன்றிக்கொண்டு எதிரே இருக்கிற மலையைப் பார்ப்பார். அந்த மௌனம் தாங்காமல் எத்தனையோ பேர் வயிற்று வலியில் தொடங்கி வீட்டுச் சண்டை வரைக்கும் அவரிடம் கொட்டியிருக்கிறார்கள்.

நான் வந்த வருடம் வைகாசி மழைக்கு முன்னால் கீழ் லயத்துக்குப் போய் வாசல் வாசலாகச் சொன்னேன். ஓயாவுக்கு நடுவே ஒரு பாறை கிடக்கிறது, பார்ப்பதற்கு ஆமை படுத்திருப்பது போல இருக்கும், ஆமைக்கல் என்பார்கள். அதன் முதுகு தண்ணீரில் மறைந்தால் உடனே கிளம்பி மேட்டிலிருக்கும் பன்சலை, அந்தப் புத்த கோயில், மண்டபத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். எல்லோரும் "சரிங்க நர்சம்மா" என்றார்கள். மழை வந்தது, ஆமைக்கல் மறைந்தது, ஒரு குருவிகூட அசையவில்லை. நல்ல வேளையாக மழை விட்டுவிட்டது. நான் ஐயாவிடம் போய், சொன்னேன் ஐயா, கேட்கவில்லை என்று முறையிட்டேன்.

"நீ சொன்னே மிஸ்ஸி. அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்.

சரி என்றார்கள் என்றேன்.

"சரின்னா அது பதில் இல்ல. உன்னய வாசல்லயிருந்து அனுப்பி வைக்கிற வார்த்தை."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினார். கை கழுவினார். முதல் வாசலில் காளிமுத்து நின்றார், வயசாளி, ஒரு பசுமாடு வைத்திருந்தவர். ஐயா அவருக்கு எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. "தண்ணி வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டார்.

"கடவுள் பாத்துக்குவாருங்க ஐயா" என்றார் காளிமுத்து.

ஐயா தலையாட்டினார். "சரி. எந்தப் பாதையில வருவாரு?"

காளிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வாசல்களில் நின்ற பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயா மட்டும் சிரிக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் காளிமுத்து உண்மையைச் சொன்னார். தான் எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயார், ஆனால் மாடு காலில் தண்ணீர் பட்டால் அடியெடுத்து வைக்காது, அதை விட்டுவிட்டு வர மனசு கேட்காது. அப்படியானால் மாட்டுக்கு என்ன வழி என்று ஐயா கேட்டார். வயலுக்கு அந்தப் பக்கம், ரோட்டோர மேட்டில் தேநீர்க் கடை வைத்திருக்கும் சோமாவதி அக்காவின் கொட்டிலில் இடம் இருக்கிறது, மழை கறுத்ததுமே மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறேன், பிறகு நான் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று காளிமுத்து தானே சொன்னார். மாட்டுக்கு வழி பிறந்த பிறகுதான் மனிதருக்கு வழி பிறந்தது. அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கீழ் லயத்திலிருந்து முதலில் வெளியேறியது காளிமுத்துவின் மாடு. மாடு போய்விட்டதா என்று பார்த்துத்தான் மற்றவர்கள் கிளம்பினார்கள்.

இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடை இருந்தது, அதற்கு ஒரு பதிலும் அந்த வீட்டிலேயே இருந்தது. படுத்த படுக்கையான மாமியாரை இரண்டு கம்புகளில் கட்டிய நாற்காலியில் யார் யார் தூக்குவது. நிறைமாதக்காரியை மழைக்கு முன்பே நிவித்திகலையில் தாய் வீட்டுக்கு யார் கூட்டிப்போவது. அடையாள அட்டையும் கிளினிக் அட்டையும் போட்ட பிளாஸ்டிக் பை எந்த ஆணியில் தொங்குவது. நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்போம், நிற்போம், அடுத்த வருடம் மறுபடியும் கேட்போம். அவரவர் வாயால் சொன்னதை அவரவரே மீற மனிதர்களுக்குக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான் இதில் உள்ள மந்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயாவின் குவார்ட்டர்ஸும் பள்ளத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இந்தச் சுற்றைத் தொடங்குவதற்கு முன்னால் தன் வாசலில் போய் நின்றுகொண்டு, முதலில் என்னைக் கேள் என்பார். பெரியவரை நான் எப்படிக் கேட்பது என்று நெளிவேன். விட மாட்டார். "கேக்குற ஆளையும் ஒருத்தர் கேக்கணும் மிஸ்ஸி. இல்லாட்டி அவன் தனக்குத் தண்ணி வராதுன்னு நெனச்சுக்குவான்." நானும் கேட்பேன். அவரும் நல்ல பிள்ளையாக, எந்தப் பாதையில் எங்கே போவேன், மனைவியின் ஆஸ்துமா மருந்தை யார் எடுப்பது என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்.

இனி நான் மறக்க முடியாத அந்த நாளுக்கு வருகிறேன்.

ஐயா ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த வருடம் அது. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இரத்தினபுரி டவுனுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, பஸ் ஓடவில்லை என்று கேள்விப்பட்டதுமே கீழ் லயத்து ஆட்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மாடு முன்னால், மனிதர்கள் பின்னால். மத்தியானத்துக்குள் பன்சலை மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் ஆட்களும் இருந்தார்கள், பள்ளத்துப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களும் இருந்தன. பன்சலையின் பிக்கு, ஹாமதுரு, அடுப்பு மூட்டச் சொல்லி எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முருகையா தனியாக வந்திருந்தார். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். மனைவி பாக்கியமும் மகள் தர்ஷினியும் எங்கே என்று கேட்டேன். ஓப்பநாயக்கவில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றார். நல்லதாய்ப் போயிற்று என்று நானும் அடுத்த ஆளிடம் போய்விட்டேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் முருகையா கடைப்பக்கம் போய் வந்து, நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, எழும்பப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருக்கிறார். பை நனைந்து ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பது தெரிந்தது. முட்டைகள், ஒரு போத்தல் நல்லெண்ணெய். வெள்ளத்தில் மனிதர்கள் அரிசி வாங்குவார்கள், மெழுகுதிரி வாங்குவார்கள், பாண் வாங்குவார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் சேர்த்து எங்கள் வீடுகளில் ஒரு காரியத்துக்குத்தான் வாங்குவார்கள்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பெரிய புள்ளயாயிட்டாளா?" என்று மெல்லக் கேட்டேன்.

முருகையா தலையைக் குனிந்துகொண்டார். "நேத்துத்தான் நர்சம்மா. தாயும் மகளும் லயத்துல, எங்க காம்பராவுலதான் இருக்காங்க."

அந்தப் பிள்ளையை உலகத்துக்கு எடுத்ததே இந்தக் கைதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் துண்டு துண்டாகச் சொன்னார். தாய்மாமன் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், அவர் வந்து பச்சை ஓலையில் குச்சில் கட்டிப் பிள்ளையை அதில் உட்கார வைக்க வேண்டும், அதற்கு முன் அவள் வாசலைத் தாண்டக் கூடாது, ஆம்பளை கண்ணில் படக் கூடாது. மாமனோ ரோடு மூடி எங்கோ மாட்டிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிடும் என்று முருகையா நம்பிக்கொண்டிருந்தார். நம்பினார் என்பதைவிட, நம்ப வேண்டியிருந்தது என்பதுதான் சரி.

முருகையாவையும் இழுத்துக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன். அவர் யாருக்கோ காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாதை தெரிகிறதா என்று மட்டும் முருகையாவிடம் கேட்டார். இப்போதைக்குத் தெரிகிறது என்றார் முருகையா. "அப்ப நீ போய்க் கேளு மிஸ்ஸி. நான் ஆள் சேத்துக்கிட்டு வாறேன்" என்றார் ஐயா. போய்க் கூட்டிவா என்று சொல்லவில்லை. அந்த அவசரத்திலும் கேளு என்றுதான் சொன்னார்.

வயலைக் கடந்தோம். பாதி வழி வரம்பு தெரிந்தது, தாழ்ந்த இடங்களில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். முருகையாவின் காலடியில் என் காலடியை வைத்தே போனேன். லயம் முழுவதும் வெறிச்சென்று கிடந்தது. கடைசிக் காம்பராவின் இறவாரத்தில் மட்டும் வேப்பிலை செருகியிருந்தது. வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதுதான் பிள்ளைக்கு எல்லை. உள்ளே மூலையில் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது, அதன் பின்னால் தர்ஷினி.

பாக்கியம் என்னைக் கண்டதும் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். "எங்கண்ணன் வந்து குச்சில் கட்டாம எம்புள்ள வெளிய வர மாட்டா நர்சம்மா. நீங்க அவரக் கூட்டிக்கிட்டுப் போங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. புத்தி கெட்டவளே, பிள்ளையே போய்விட்டால் குச்சில் யாருக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கினேன். சேலையைச் சுருட்டிக்கொண்டு உலக்கைக்கு இந்தப் பக்கம் வாசற்படியில் உட்கார்ந்தேன். "பாக்கியம், தண்ணி வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன், இந்த மௌனம் போல ஒன்று என்னை வதைத்ததில்லை. பின்னால் ஓயா இரைகிறது. ஒவ்வொரு நிமிடமும் வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஐயா மலையைப் பார்ப்பார். எனக்குப் பார்க்க மலையும் இல்லை, மழை அதை மறைத்திருந்தது.

பாக்கியம் உடைந்துவிட்டாள். "அதுதானே நர்சம்மா தெரியல. ஆம்பளைங்க எல்லாம் கெடக்குற மண்டபத்துல எம்புள்ளைய எந்த மூலையில ஒக்கார வைப்பேன்? அது சாமி எடம். அவங்க நம்மள மதிச்சு எடம் குடுத்திருக்காங்க. நாளைக்கு நம்ம புள்ளயால பன்சலைக்குத் தீட்டுன்னு ஒரு சொல்லு வந்துட்டா நாங்க இந்த ஊர்ல எப்பிடி மொகத்தக் காட்டுறது?"

நான் பிடிவாதம் என்று நினைத்தது பிடிவாதமே இல்லை. அவளுக்குப் போக இடம் இல்லை, அவ்வளவுதான். எனக்கும் சட்டென்று ஒரு இடம் தோன்றவில்லை. முருகையா மழையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அப்போது சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சோமாக்கா வீட்டுக்குப் போலாம்மா."

பாக்கியம் அவளை அடக்கப் பார்த்தாள். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"அவங்க வீட்டுல பின்னால ரூம் இருக்கு. அவங்க மக நிலூக்கா பெரிய புள்ளயானப்ப அங்கதான் வச்சிருந்தாங்க. நான் ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள் தர்ஷினி. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆமைக்கல்லு காலையிலயே மறைஞ்சிருச்சு நர்சம்மா. நான் இந்த ஜன்னலால பாத்துக்கிட்டேதான் இருந்தேன். யாரும் என்கிட்ட கேக்கல" என்றாள்.

அந்தக் காம்பராவில் ஓயா தெரிகிற ஒரே ஜன்னல் அந்த மூலையில்தான் இருந்தது.

பாக்கியம் குனிந்து வாசலில் கிடந்த உலக்கையை எடுத்தாள். எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "இதால குத்திப் பாத்துக்கிட்டே முன்னால போங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றாள்.

இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். முன்னால் முருகையா, இரும்புப் பூண் போட்ட உலக்கையைத் தண்ணீருக்குள் குத்திக் குத்தி. அவருக்குப் பின்னால் நான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை தாயின் கூறைச்சேலையைப் போர்த்திய தர்ஷினி, கையில் காத்துக்கருப்பு அண்டாமலிருக்க வேப்பிலையும் ஒரு சிறு கத்தியும். கடைசியில் பிளாஸ்டிக் பையோடு பாக்கியம். வரும்போது தெரிந்த வரம்பு இப்போது தெரியவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. ஓரிடத்தில் உலக்கை சரசரவென்று பிடித்திருந்த கை வரைக்கும் இறங்கிவிட்டது. முருகையா அப்படியே நின்றார். எங்களுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்க எந்தத் தகப்பனுக்கும் தோன்றும். அவர் திரும்பவில்லை. நில்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, உலக்கையை இழுத்து, பக்கவாட்டில் குத்தி, தரை தட்டிய இடத்தில் காலை வைத்தார். என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. மாதாவே, இதுவரைக்கும் கொண்டு வந்துவிட்டாய், மிச்சத்தையும் பார்த்துக்கொள் என்று மனசுக்குள் கேட்டேன். அவள் எந்தப் பாதையில் வருவாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது எதிரே ஆட்கள் தெரிந்தார்கள். ரோட்டிலிருந்து வயலுக்குள் வரிசையாக, தண்ணீருக்குள் நின்றார்கள். தோட்டத்து ஆண்களும் ஊர்ச் சிங்கள இளைஞர்களும் கலந்து. ஒருவர் முகமும் தெரியவில்லை. எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு, கைகளைப் பின்னால் விட்டு ஒரு நீளக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஆள் நிற்கிற இடத்தில் குழி இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு மிக அருகில், ஆழமான இடத்தில் நின்றது ஐயாதான். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி.

"முருகையா, கயிறு எட்டுதா?" என்று மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எட்டியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முதுகாகக் கடந்து வந்தோம். யாரோ ஒரு பையன் தும்மினான், அதற்கும் திரும்பவில்லை. அத்தனை ஆண்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஆண்களைப் பற்றி எனக்கு நிறையக் குறைகள் உண்டு, என் தொழில் அப்படி. ஆனால் யாராவது அவர்களை ஒரேயடியாகத் திட்டும்போது எனக்கு அந்த முதுகுகள் நினைவுக்கு வந்துவிடும்.

சோமாவதி அக்கா பாயும் துப்பட்டியுமாகப் படியிலேயே நின்றார். கயிறு பிடிக்க ஆள் தேடிக் கடைக்கு வந்தபோதே ஐயா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார் போல. பாக்கியம் தயங்கித் தயங்கி, வேறு போக இடமில்லாமல்தான் வந்தோம் அக்கா என்று சிங்களத்தில் தொடங்கினாள். சோமாவதி அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிள்ளைக்கு முதல் தண்ணி வார்க்க நெகத் பார்த்தாயா, நல்ல நேரம் எப்போது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "எங்க கெதரயிலயும், வீட்டுலயும் இதேதான் பாக்கியம், ஏன் பயப்படுறது" என்றார். பாக்கியம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். ஐயா பீலி தேடிக் கை கழுவப் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஓயாவின் கரை உடைந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் பின்சுவர் இல்லை. சேலைத் திரை கட்டியிருந்த மூலையும் ஜன்னலும் போயிருந்தன.

ரோடு திறந்ததும் தாய்மாமன் சேறும் சகதியுமாக, பிள்ளைக்கு வாங்கிய சேலையோடு வந்து சேர்ந்தார். சோமாவதி அக்காவின் முற்றத்தில்தான் குச்சில் கட்டினார். தண்ணி வார்த்தபோது பாக்கியம் ஒரு குடம், சோமாவதி அக்கா ஒரு குடம். அடுத்த வைகாசியில் ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். போவதற்கு முன் என்னிடம், வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் அவளையும் தனியாகக் கேள், அது நான் கேட்கிற கேள்வி இல்லை, நீ கேட்கிற கேள்வி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓய்வு பெறும்வரை கேட்டேன். சோமாவதி அக்காவின் பின்னறைதான் கீழ் லயத்துப் பிள்ளைகளின் பதிலாக இருந்தது.

நிரோஷா இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த லயத்தை அங்கே வைத்திருப்பதே தப்பில்லையா அம்மா என்றாள். தப்புத்தான். மேட்டில் காணி கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்தவர்கள் போய்விட்டார்கள், கிடைக்காதவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் காணி கிடைக்கும்வரை ஓயா காத்திருக்காதே. அதனால் கேள்வியையும் விடக் கூடாது என்றேன். பஸ் வந்தது, அவள் போய்விட்டாள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

என் வீடு பெல்மதுளைக் கடைவீதிக்குப் பின்னால், கொஞ்சம் பள்ளம். வீட்டுக்காரர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். மகன் கொழும்பில். போன வாரம் மழை பிடித்தபோது எனக்கும் ஃபோனில் எச்சரிக்கை வந்தது. படித்தேன். படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பருப்பை அடுப்பில் வைத்தேன். இத்தனை வருடம் வராத தண்ணீர் இன்றைக்கா வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. தர்ஷினி. இதே ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி, ஒரு மகனோடு மேட்டுத் தெருவில் குடியிருக்கிறாள். நலம் விசாரிப்பாள் என்று நினைத்தேன்.

"நர்சம்மா, தண்ணி வந்தா எங்க போவீங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "கடவுள் பாத்துக்குவாரு" என்றேன்.

"சரி நர்சம்மா. எந்தப் பாதையில வருவாரு?"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஃபோனுக்குள் அவள் வீட்டுத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், பருப்பு கொதிக்கிறது என்றேன், முழங்கால் வலி என்றேன், உங்களுக்கு ஏன் தொந்தரவு என்றேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒங்க வீட்டுக்கு வாறேன்" என்றேன் கடைசியில்.

"எந்தப் பாதையால?"

பாலத்துப் பக்கம் வர மாட்டேன், கோயில் ரோட்டால் சுற்றி வருவேன் என்றேன். பையை யார் தூக்குவது என்று கேட்டாள். உன் புருஷனை அனுப்பு என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"இந்தா கிளம்பிட்டாரு நர்சம்மா" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு, குடையை விரித்து வாசலுக்கு வந்தேன். ரோடு இன்னும் தெரிந்தது.